நாற்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு வணக்கம்

வில்கராவில் பழைய கார் விற்பவன் நான் ஒருவன்தான். போட்டிக்கு ஆள் வேண்டுமென்றால் டெனிங் வரைக்கும் போக வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் உப்புச்செடியும் ஆகாயமும் தவிர வேறு எதுவும் கிடையாது. என் தாத்தா லெபனானிலிருந்து வந்து இந்தச் சமவெளியில் பண்ணை பண்ணையாகத் துணி விற்றார். அப்பா பாத்திரமும் பம்பும் விற்றார். நான் கார் விற்கிறேன். பொருள்தான் மாறியிருக்கிறது, பொய்யின் அளவு மாறவில்லை என்று என் மனைவி சொல்வாள்.

ஆனால் இந்தக் கதையில் நான் பொய் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

இப்போது வரும் கார்களுக்கு ஒரு கண் இருக்கிறது. முன்கண்ணாடியின் உச்சியில் கட்டைவிரல் நகம் அளவு கேமரா. சாலையின் இரண்டு பக்கக் கோடுகளையும் பார்த்துக்கொண்டே வரும். வண்டி கோட்டைத் தொடப் போனால் ஸ்டியரிங் கைக்குள் லேசாக உறுமும். பிறகு தானே கொஞ்சம் திரும்பி நடுவுக்கு வரும். சிட்னிக்காரர்களுக்கு இது பெரிய வரம். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தலைவலி. பண்ணைக்காரர் பெர்ட் குவில்டி ஒரு வண்டி வாங்கிய மூன்றாம் நாளே திரும்பி வந்தார்.

"நாப்பது வருஷமா ஈமுவுக்கு ஒதுங்கிக்கொடுத்து ஓட்டறேன். இப்ப ஒதுங்கினா இது என்னய உள்ள இழுக்குது. என் பொண்டாட்டிகூட என்னய இப்படி இழுத்ததில்ல, எலியாஸ்."

அணைக்கும் பொத்தானைக் காட்டினேன். மறுநாள் வண்டியைக் கிளப்பும்போது அது மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதையும் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தப் பொத்தானை அழுத்தி, அதை ஒரு முறை திட்டிவிட்டுத்தான் அவர் புறப்படுகிறார்.

டீகன் ஹாட்ரிக் மட்டும் அந்தக் கண்ணைக் கேட்டே வந்தாள். முப்பது வயது, டெனிங் மருத்துவமனையில் நர்ஸ். இரவு வேலை முடித்துவிட்டு, எதிர்வெயிலில் அந்த நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டரை ஓட்டிக்கொண்டு வீடு வருவாள். போன மாதம் பாதி வழியில் கண் சொக்கிவிட்டது. வண்டி தார் விட்டு மண்ணில் இறங்கி, ஓரத்து வெள்ளைக் கம்பத்தில் அடித்து, இடப்பக்கக் கண்ணாடியைப் பறிகொடுத்த பிறகுதான் விழித்திருக்கிறாள். அந்தச் சாய்வு வலப்பக்கமாக இருந்திருந்தால் எதிரே மூன்று பெட்டி கோத்த லாரி வந்துகொண்டிருந்தது. வேலையை விட மாட்டேன், வண்டியை மாற்றுகிறேன் என்றாள். என்னிடம் மூன்று வருடம் ஓடிய வெள்ளை வண்டி ஒன்று இருந்தது. அதற்கு நல்ல கண்.

தடை அவள் அப்பா. வெஸ் ஹாட்ரிக் என்னோடு படித்தவன். அந்தச் சாலையில் கோடு போடுவதுதான் அவன் பிழைப்பு. வண்ணத் தொட்டி ஏற்றிய லாரியில், மனிதன் ஓடுகிற வேகத்தில், வெள்ளைக் கோட்டைத் தெளித்துக்கொண்டு போவான். ஈரம் காய்வதற்குள் அதன் மேல் கண்ணாடி மணித்தூள் விழும். விளக்கு வெளிச்சத்தில் கோடு மின்னுவது அந்தத் தூளால். வெஸ் போட்ட கோட்டில் நூல் பிடித்துப் பார்க்கலாம் என்பது ஊர்ப்பேச்சு. மதுக்கடையில் யாருக்காவது தள்ளாடினால், வெளியே போய் வெஸ் கோட்டில் நடந்து காட்டு என்று விரட்டுவார்கள்.

அப்படிப்பட்டவன், கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி வேண்டவே வேண்டாம் என்றான். காரணம் கேட்டால் சொல்லவில்லை. மழை, தூசி, எதிர்வெயில் என்று ஏதேதோ அடுக்கினான். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கடைசியில் சனிக்கிழமை காலை மூன்று பேரும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பேரத்துக்காக வண்டியில் பதினொரு குறைகளை எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. குறை எழுதிக்கொண்டு வருபவன் வாங்கிவிடுவான்.

டீகன் ஓட்டினாள். பக்கத்தில் வெஸ். பின்னால் நான். டெனிங் போய், அவள் வேலை முடிந்து வரும் பக்கமாகத் திரும்பினோம். அந்த ஊர் தாண்டியதும் கண் விழித்து, திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் வந்தன. அவள் ஸ்டியரிங்கில் விரல்களைச் சும்மா வைத்திருந்தாள். வண்டி நடுவிலேயே போயிற்று, தண்ணீரில் விட்ட இலை மாதிரி. டெனிங்கிலிருந்து முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் வெஸ் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நாற்பதில் காலைத் தரையில் ஊன்றினான்.

நாற்பத்தொன்றில் வண்டி லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது. ஒரு கையகலம் இருக்கும். உடனே பழையபடி நடுவுக்கு வந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா," என்றாள் டீகன். "அதுவா போச்சு."

"திருப்பிட்டு வா, கண்ணு. இன்னொரு தடவ போவோம்."

மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் அதே இடத்தில், அதே அளவுக்கு, வண்டி ஒதுங்கித் திரும்பியது. ஆளே இல்லாத சமவெளியில் யாருக்கோ தலை குனிந்து வணக்கம் போட்டுவிட்டுப் போவது மாதிரி இருந்தது. வண்டிக்குள் கோளாறு என்று எண்ணி, எவ்வளவு விலை குறைக்கலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

வெஸ் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கினான். நாங்களும் இறங்கினோம். அவன் ஓரக்கோட்டின் மேல் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். என்னையும் பார்க்கச் சொன்னான். நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. தார் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. கோடு சாலைக்குள் வளைந்து, நூறு அடி தள்ளி மறுபடி நேராகப் போயிற்று. வயிறு தள்ளியது போல ஒரு வளைவு.

"வண்டி சரியாத்தான் இருக்கு," என்றான். "கோடுதான் கோணல். நான் போட்டது."

பிறகு ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்தவன் மாதிரி கொட்டினான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வசந்த காலம். லாரியில் கோடு போட்டுக்கொண்டு வருகையில், சரியாக இந்த இடத்தில் இரண்டு தூங்குமூஞ்சிப் பல்லிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. முழங்கை நீளம், தலையும் வாலும் ஒரே மாதிரி கொழுத்த ஜென்மங்கள். வருடா வருடம் அதே ஆண் அதே பெண்ணைத் தேடி வரும். ஒன்று அடிபட்டால் மற்றது பிணத்தின் பக்கத்திலேயே நாள்கணக்கில் நிற்கும். எங்கள் சாலைகளில் அதைப் பார்க்காதவர் கிடையாது. நிறுத்தினால் வண்ணம் அங்கேயே கட்டியாக விழும். அதனால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்து விலகிப் போய்விட்டான். அவ்வளவுதான்.

அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் சுரண்டிவிட்டு நேராகப் போட்டிருப்பார்கள். சொல்லவில்லை. பிறகு மறுபடி வண்ணம் பூச வேண்டிய முறை வந்தது. பழைய கோட்டின் மேலேயே புதுக்கோடு போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். விலகினால் இரண்டு கோடு தெரியும், ஓட்டுபவன் குழம்புவான். அதனால் பல்லியே இல்லாத இடத்தில், வேண்டுமென்றே ஸ்டியரிங்கை ஒடித்து, தன் தவற்றின் மேலேயே சுத்தமாகக் கோடு போட்டிருக்கிறான். இரண்டு முறை.

"மனுஷன் ஓட்டின வரைக்கும் யாருக்கும் தெரியல," என்றான். "இது மனுஷன் இல்லையே. நான் என்ன போட்டேனோ அத அப்படியே நம்புது. அந்தப் பக்கம் எதிர்ல லாரி வரும்டா. என் பொண்ண ஒரு கையகலம் அதுகிட்டத் தள்ளி விடுது, என் கோடு."

டீகன் அப்பாவின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஒரு கையகலத்தால் யாரும் சாக மாட்டார்கள், கண் சொக்குவதால்தான் சாவார்கள், எனக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்றாள். கோட்டை நான் திருத்திப் போடுகிற வரைக்கும் பொறு என்றான் வெஸ். அந்தப் பதினொரு குறைகளை யாரும் எடுக்கவில்லை. பேரம் பேச ஒருவன் மறந்துபோனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவன் வீட்டில் இல்லை. தேடிக்கொண்டு போனேன். நாற்பத்தொன்றில், சாலையைவிட்டுத் தள்ளி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தேநீர்க் குடுவை. முகம் கோயிலில் உட்கார்ந்தவன் முகம் மாதிரி இருந்தது.

"பேசாம உக்காந்து பாரு," என்றான்.

பார்த்தேன். முதலில் ஒரு பழைய பிக்கப் வந்தது. நேராகப் போயிற்று. அடுத்து கேரவன் இழுத்துக்கொண்டு ஒரு புது வண்டி. சரியாக அந்த இடம் வந்ததும் மெல்ல ஒதுங்கி, மெல்லத் திரும்பியது. பின்னால் வந்த கேரவனும் அதே போல ஒதுங்கித் திரும்பியது. உள்ளே ஒரு கிழவனும் கிழவியும் சாண்ட்விச் தின்றுகொண்டு போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சிவப்புக் கார். பிறகு ஒரு தபால் வேன். பிறகு லாரி ஒன்று, எண்பது சக்கரத்துக்குக் குறையாது. புதுசு போலும், அதுவும் ஒதுங்கியது. அந்த மலையே ஒதுங்கியது.

முப்பத்தைந்து வருடமாகக் கார் விற்கிறேன். எந்தக் காருக்கும் நான் வாயைப் பிளந்ததில்லை. பல்லிக்காகக் கோடு விலகிய அதே இடத்தில், பல்லி போய் ஆறு வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து வருகிற இரும்பெல்லாம் மறக்காமல் விலகிக்கொண்டு போகிறது. கையால் ஒருவன் செய்ததை இவ்வளவு நுணுக்கமாக யார் பார்த்திருக்கிறார்கள்? வெஸ்ஸின் மனைவி பார்த்ததில்லை, சம்பளம் கொடுத்தவர்கள் பார்த்ததில்லை.

மதியத்துக்குள் வண்டி எந்த வருடத்தது என்பதை அது ஒதுங்குகிற விதத்தை வைத்தே அவன் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் சரிபார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் சரி.

"முந்நூறு கிலோமீட்டர் போட்டிருக்கேன்," என்றான். "அத்தனையும் அதுங்க படிச்சிட்டுப் போகுதுடா. ஒவ்வொரு அடியும். நான் வெறும் வண்ணம்னு நெனச்சேன்."

அவன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தேன்.

திங்களன்று டெனிங் சாலை அலுவலகத்துக்கு அவனே போன் செய்து சொன்னான். மேலதிகாரி மார்னி, அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கும், ஆறு வருடமாக யாரும் குறை சொல்லவில்லை, இப்போது எதற்கு என்று கேட்டிருக்கிறாள். என் மகள் அந்த வழியாக வருகிறாள் என்றிருக்கிறான். அப்படியானால் எழுத்தில் கொடுக்க வேண்டும், உங்கள் பதிவேட்டில் ஏறும், முந்நூறு கிலோமீட்டரையும் அளந்து பார்ப்பார்கள், அதுவரைக்கும் உங்கள் லாரி நிற்கும் என்றாளாம். கொடுத்துவிட்டான். வில்கராவில் எதுவும் மறைவதில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மதுக்கடையில், வெஸ் கோட்டில் நடந்தால் இனி லாரிக்கடியில்தான் போவோம் என்று ஒருவன் சிரித்தான். வெஸ்ஸும் சிரித்தான். அவன் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

வியாழக்கிழமை சுரண்டும் இயந்திரம் வந்தது. அந்த வயிற்றுக்கோட்டைத் தார் தெரியும்வரை தின்றுவிட்டுப் போயிற்று. அந்த ஒரு இடத்தை மட்டும் போட வெஸ்ஸுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். லாரியில் போட மாட்டேன் என்றான். நூல் கட்டினான். வண்ணம் தெளிக்கும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு, காலடி காலடியாகப் போனான். போக்குவரத்தை நிறுத்தும் பலகையை என் கையில் கொடுத்துவிட்டான். எனக்குக் கூலியும் இல்லை, தொப்பியும் இல்லை.

பாதிக் கோட்டில் நின்றுவிட்டான். போய்ப் பார்த்தேன். நூலுக்குக் குறுக்கே ஒரு தூங்குமூஞ்சிப் பல்லி. வாயைத் திறந்து நீல நாக்கை நீட்டி அவனை மிரட்டியது. வெஸ் கைவண்டியை நிறுத்தினான். வண்ணம் அங்கே கட்டியாக விழுந்தது. விழட்டும் என்றான். இரண்டு கையாலும் அதைத் தூக்கி, நாற்பது அடி தள்ளி உப்புச்செடிக்குள் விட்டான். அங்கே இன்னொன்று இருந்ததாம். சத்தியமாக இருந்தது என்று மூன்று முறை சொன்னான். கட்டியைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை காலை டீகன் அந்த வெள்ளை வண்டியில் வேலையிலிருந்து திரும்பினாள். முழு விலையும் கொடுத்திருந்தான் வெஸ். மனசு கேட்கவில்லை, அதனால் தரைக்கு ரப்பர் பாய்களைச் சும்மா கொடுத்தேன். விலையைக் குறைக்கும் அளவுக்கு மனசு இளகவில்லை.

நாங்கள் இருவரும் நாற்பத்தொன்றில் நின்றிருந்தோம். தூரத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து மூன்று பெட்டி கோத்த ஆட்டு லாரி ஒன்றும் வந்தது. இரண்டும் சரியாக இங்கேதான் சந்திக்கும் என்று தெரிந்ததும் வெஸ் என் சட்டையைப் பிடித்தான். நான் வெள்ளை வண்டியின் இடப்பக்கச் சக்கரத்தையே பார்த்தேன். கோட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி, வந்தது, வந்தது, எங்களைத் தாண்டியும் அப்படியே போயிற்று. லாரியின் காற்று எங்கள் முகத்தில் அறைந்தது. ஆட்டு நாற்றம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

டீகன் விழித்துத்தான் இருந்தாள். எங்களைத் தாண்டும்போது, எங்கள் ஊர் வழக்கப்படி, ஸ்டியரிங்கை விடாமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

வெஸ்ஸும் விரல் தூக்கினான். பிறகு குனிந்து, காய்ந்திருந்த கோட்டை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தான்.