வெள்ளணுக்களுக்கு ஓர் அழைப்பு

மனித உடலுக்குள் ஓடும் வெள்ளணுக்கள் இனிமேல் சண்முகம் காட்டும் திசையில்தான் நடக்கும். மருத்துவ வரலாறே அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரியும். ஜார்ஜ் டவுன் ஹோட்டலில் நடக்கவிருந்த மருந்து வெளியீட்டுக்காக இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவருக்கு வலது காலில் சப்பாத்து ஏறவில்லை. சர்க்கரை வியாதி. பெருவிரல் கறுத்துக் கிடந்தது.

மருந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருந்த அவருடைய கம்பெனியின் களிம்பு. அதிலுள்ள பெப்டைடு என்னும் குட்டிப் புரதம் கிருமியைக் கொல்லும். கையோடு வெள்ளணுக்களையும் உதவிக்குக் கூப்பிடும். அது அடர்ந்திருக்கும் பக்கமாக அவை ஊர்ந்து போவதை ஆய்வாளர் சுபாஷினியின் மைக்ரோஸ்கோப்பில் அவரே பார்த்திருக்கிறார்.

"இப்ப எடுத்தா விரலோட போவும். விட்டா பாதம்," என்றார் டாக்டர் ஹாஃபிஸ்.

"வெளியீடு முடியட்டும் டாக்டர். நம்ம களிம்பு இருக்குல்ல?"

மனைவி முத்தம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க கூப்புட்டா வீட்டுப் பூனையே வராது. செல்லு வருதாம்!"

ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு சுபாஷினியிடம் காலைக் காட்டினார்.

"சார், கண்ணாடித் தட்டுல செல்லை நான் மருந்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் விட்டேன், ஊர்ந்துச்சு. உங்க காலுக்கு ரத்தமே போகலையே. பாலம் அடைச்சுக் கெடக்கும்போது அந்தப் பக்கத்துலேருந்து யாரு வருவா?"

"நெறையப் பூசுனா?"

"நெறைய ஹார்ன் அடிச்ச மாதிரிதான் லா. போய் ஆபரேஷன் பண்ணிக்குங்க சார்."

"ஏம்மா, விரலை வெட்டிக்கிட்டு வந்து நான் இந்த மருந்தை விக்கவா?"



அப்பிப் பூசினார், கட்டுப் போட்டார். வெளியீட்டன்று தமிழர் பண்பாடு என்று சொல்லி வேட்டி கட்டிக்கொண்டார். வேட்டிக்குச் செருப்பு போதும். கறுப்பு அதற்குள் புறங்காலைத் தாண்டியிருந்தது. போனில் டாக்டர் பாதத்தை விட்டுவிட்டு முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். சண்முகம் போனை அணைத்துவிட்டு மேடை ஏறினார்.

"கூப்பிட்டால் வரும்!" என்று கையை உயர்த்தினார். ஏர்கான் மண்டபத்தின் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் எடுத்தார். அப்புறம் வரிசையே எடுத்தது. சபை கண்கலங்குகிறது என்று பூரித்துப்போய், இன்னும் நிதானமாக, இன்னும் உருக்கமாகப் பேசினார்.

கைக்குட்டைகள் கண்ணில் இல்லை, மூக்கில் இருந்தன.