சனிக்கிழமை வலி

பீரான் எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். வீட்டுக்கு ஓடு மாற்ற வாங்கியது. மஞ்சேரிப் பக்கம் ஒரே குழியில் இரண்டு பேரும் செம்பாறைக் கல் வெட்டிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை கூலி. வாங்கின கையோடு கடையில் பரோட்டாவும் மாட்டுக்கறியும் தின்போம். கை கழுவும்போது நான் காசைக் கேட்பேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்வான். அரை மணி கழித்து ஒன்றும் நடக்காதவன்போல எழுந்து பீடி பற்ற வைப்பான்.

"உன் வயித்துக்குக் கிழமை தெரியுதேடா. காசு கேட்டாத்தான் நோவுது."

"அவறானிக்கா," என்று என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டான், "உள்ளே யாரோ முறுக்குற மாதிரி இருக்கு."

"கடன்காரன் முறுக்கத்தான் செய்வான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மற்ற நாளெல்லாம் எங்களுக்குக் கஞ்சியும் பயறும்தான். அவன் வயிறு நிறையத் தின்றதே சனிக்கிழமை மட்டும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கடைசிச் சனிக்கிழமை அரை மணி கழித்தும் அவன் எழவில்லை. வாந்தி எடுத்தான். "நடிச்சது போதும்" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை குழிக்கு வந்தபோதுதான் தெரிந்தது, ஞாயிறு சாயங்காலம் அவன் அண்ணன் அலவி அவனைக் கோழிக்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார்:

"சிறுகுடல்ல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. பெரியவங்களுக்கு இது அபூர்வம். வயிறு நிறைய சாப்பிட்டா குடல் அந்தக் கட்டியைத் தள்ளும். அதோட சேர்ந்து குடலும் தனக்கு அடுத்த பகுதிக்குள்ள நுழைஞ்சுக்கும். தானா விடுபட்டா வலி போயிடும். இந்தத் தடவை விடுபடல. ரத்தம் ஓடாம ஒரு முழம் அழுகிப்போச்சு. அதை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைச்சிருக்கோம். ஆனா விஷம் உடம்பெல்லாம் பரவியிருக்கு. சனிக்கிழமையே வந்திருக்கணும்."

"சனிக்கிழமை அவன்கூட யாரு இருந்தது?" என்றான் அலவி.

"நான்தான்" என்றேன்.

வியாழக்கிழமை விடியும்போது பீரான் இறந்துபோனான்.

பள்ளிவாசலில், அடக்கத்துக்கு முந்தின மய்யித்துத் தொழுகைக்கு எல்லோரும் வரிசையில் நின்றோம். இறந்தவன் கடனோடு போகக் கூடாது என்பதால் அலவி முன்னால் வந்தான்.

"என் தம்பி யாருக்காவது கடன் பட்டிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் தர்றேன். விட முடிஞ்சவங்க விட்டுடுங்க."

மளிகைக்கடை உண்ணீன் சொன்னார்: "எனக்கு நாப்பது ரூபா. விட்டாச்சு."

அலவி என்னைப் பார்த்தான்.

"ஆயிரத்து முந்நூத்தி எழுபது" என்றேன்.

அவன் சட்டைப்பைக்குள் கை விட்டான்.

"வேண்டாம் அலவி. அல்லாவுக்காக விட்டுட்டேன்."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வரிசையில் போய் நின்றான்.