சீர் செய்ய வந்தவர்

தர்ஷிகாவின் முதுகெலும்பை வளைத்த மரபணு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தது. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் மஞ்சள் துணி மூடிய தாம்பாளம். மரியாதைக்கு 'வந்தார்' என்றே சொல்லிவிடலாம்.

கதவைத் திறந்தது தர்ஷிகாதான். பதினான்கு வயது. போன வருஷம் பெரிய மனுஷியானாள். அதற்குப் பிறகு அவள் முதுகு வலப்பக்கமாகப் போய்விட்டுத் திரும்பி வரத் தொடங்கியது. எக்ஸ்ரேயில் மலைப்பாதை மாதிரி தெரிந்தது.

"யாரு வேணும்?"

"உன் தாய்மாமன்மா நான். சீர் செய்ய வந்திருக்கேன்."

சீர் செய்வது என்றால் கோணலை நேராக்குவது என்றும் அர்த்தம் உண்டு. தர்ஷிகா அந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. உள்ளே விட்டாள்.

ஒரு சின்னச் சிக்கல். அம்மா ஜெயக்கொடிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

"இவரை எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து. சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்க் காப்பி போட்டு வந்தாள். சீனி எவ்வளவு என்று கேட்கவில்லை. வந்தவர் ஒரு வாய் குடித்தார்.

"கருப்பட்டி. மறக்கலையே நீ."

அம்மா காதில் விழாத மாதிரி சுவர்க் காலண்டரை நேராக்கினாள். அவர் உட்கார்ந்ததிலிருந்து அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது.

இந்த வீட்டில் விசாரணை எப்போதோ முடிந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. குற்றவாளி தர்ஷிகா. பள்ளிக்கூடப் பையை ஒரே தோளில் மாட்டினாள். குப்புறப் படுத்துச் செல்போன் பார்த்தாள். "கூன் போடாதே கூன் போடாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" என்று அம்மா பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். எலும்பு டாக்டர், "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். "எங்க பரம்பரையிலயே கிடையாது" என்று அம்மா சொன்ன வேகத்தில் டாக்டர் பேனாவை மூடிவிட்டார். தர்ஷிகா நம்பினாள். பெற்றவளை நம்பாமல் யாரை நம்புவது? தினமும் சுவரோடு ஒட்டி நின்று, தன் முதுகிடம் மன்னிப்புக் கேட்டு வந்தாள்.

"பை தூக்கினதாலயா வந்துச்சு?" என்று வந்தவரிடமே கேட்டாள்.

"எந்தப் பை?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நாங்கதானம்மா கொண்டு வந்தோம். ஒருத்தன் செய்யிற வேலையில்ல இது. கீழ வேன்ல நிறையப் பேர் இருக்காங்க. ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். உங்கப்பா வழி ஆளுங்களும் இருக்காங்க."

அப்பா எழுந்துபோய்ச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வேனுக்குள்ளிருந்து இரண்டு பேர் அவருக்குக் கையசைத்தார்கள். அப்பா திரையை இழுத்துவிட்டு வந்து, முந்தாநாள் பேப்பரை விரித்துப் படிக்கத் தொடங்கினார்.

வந்தவர் தாம்பாளத்தின் துணியை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பட்டுச்சேலை, வாழைப்பழம். பழத்துக்குப் பக்கத்தில் மிச்ச வளைவு இருந்தது. எது பழம், எது வளைவு என்று சட்டென்று தெரியவில்லை.

"போன வருஷம் பாதிதான் குடுத்தோம். வளர்ற பிள்ளையில்லையா, ஒரேயடியாக் குடுக்கக் கூடாது. இது மிச்சம்."

"எனக்கு வேண்டாம்."

"நீ சொன்னாச் செல்லாதும்மா. கூடப் பிறந்தவதான் சீரைத் திருப்பணும். 'அண்ணே, எனக்குக் குடுத்தது போதும், எம் பிள்ளைக்கு வேண்டாம்'னு ஒரு வார்த்தை. அப்படியே எடுத்துட்டுப் போயிடுவேன்."

ரொம்ப நியாயமான மனிதர்.

"உனக்கு என்ன குடுத்தாரு?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஹால் நீளத் தொடங்கியது. மேலே மின்விசிறிகள் ஒவ்வொன்றாகக் கூடின. தூரத்தில் அம்மா சின்னதாகத் தெரிந்தாள்.

"அம்மா! ஒரே ஒரு வார்த்தைம்மா!"

குரல் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவின் வாய் திறந்தது. 'அ' வரைக்கும் வந்துவிட்டது. தர்ஷிகா தன் கண்ணால் பார்த்தாள். அப்புறம் அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அ... அட்ரஸ் மாறி வந்துட்டாரு போல" என்றாள்.

"அப்பச் சரி" என்றார் அவர். வருத்தப்படவில்லை. தர்ஷிகாவின் இரண்டு கன்னத்திலும் சந்தனம் தடவித் தாம்பாளத்தைக் கையில் கொடுத்தார். அவள் முதுகில் நெட்டி முறிக்கிற சத்தம் கேட்டது. வலது தோள் மேலே ஏறியது. சாய்ந்த காலண்டர் அவளுக்கு நேராகத் தெரிந்தது.

"வர்றேன் ஜெயா. பேத்தி பெரியவளாகட்டும், பாப்போம்." போய்விட்டார். கீழே வேன் கிளம்பியது.

தர்ஷிகாவுக்கு முதுகு வலிக்கவில்லை. ஏமாந்ததுதான் வலித்தது. பால்காரர் வரைக்கும் பேசத் தெரிந்த வாய்க்கு ஒரு 'அண்ணே' வரவில்லை என்று அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அம்மா பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சேலையைக் கட்டிவிட்டாள். இறங்கிய இடது தோளில் மடிப்புகளைக் கூடுதலாக அடுக்கினாள். முந்தானை நுனியை முதுகு வழியாகச் சுற்றி, வலது விலாவில் துருத்திய எலும்பை மூடினாள். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"இப்படிக் கட்டினா பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தெரியாது" என்று கிசுகிசுத்தாள். "உங்கப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

பிறகு பின்னால் போய் நின்று, பல்லில் கடித்திருந்த ஊக்கை எடுத்துத் தோளுக்குப் பின்னால் மாட்டினாள்.

"குத்திருச்சாடி?"

"ஆமா."

"அசையாம நில்லு" என்றாள் அம்மா. "நேரா."