ஜெயரட்ணத்தின் மூக்கும் ஒரு புகை விஸ்கியும்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்றைச் சுவைத்து அரைப் பக்கம் எழுதித் தரும்படி ஒரு சிற்றிதழ்க்காரர் கேட்டிருந்தார். ‘சதுப்பு மண்கட்டிகளை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவதால் இந்த விஸ்கிக்கு…’ என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது. அழித்துவிட்டு, கையில் கிளாசோடு ஓர் ஆளை உட்கார வைத்தேன். அந்த ஆள் குடித்தார், பிறகு பயந்தார். ஏனென்று தெரியும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

2

பெயர் ஜெயரட்ணம். வயது ஐம்பத்திரண்டு. குளிர்நாட்டில் குடியேறியவர்; ரூஜ் என்ற பகுதியில் வீடு. வீடுகளைச் சூடாக்கும் காஸ் பேர்னஸ்களைத் திருத்துவது தொழில்.

(முதலில் அவரை வங்கியில் வேலைக்கு வைத்திருந்தேன். வங்கிக்காரருக்கு மூக்கு வேலை செய்யாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?)

ஆம், மூக்கு. மூன்று மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சலோடு மணம் போனது. திரும்பவில்லை. மனைவி யோகராணிக்குக்கூடச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் தொழில் போய்விடும் என்ற பயம். காஸ் கசிவைக் காட்டும் மீற்றரை நம்பி நாளை ஓட்டுகிறார். ஒருநாள் அடுப்பில் பால் கருக, பக்கத்திலேயே நின்று பேப்பர் வாசித்தார். யோகராணியிடம் நன்றாக ஏச்சு வாங்கினார்.

3

சனிக்கிழமை பின்னேரம். பக்கத்து நகரமான விட்பியில் நண்பர் ஸ்ரீஸ்கந்தராசாவின் புது வீட்டுக் கராஜ். மடக்குக் கதிரைகள், ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஐந்து ஆண்கள்.

“உது சாதாரணச் சாமான் இல்லை. கோக் கலக்கிற எண்ணம் இருந்தா இப்பவே எழும்பிப் போங்கோ” என்று ஸ்ரீஸ்கந்தராசா போத்தலைத் திறந்தார்.

தியாகலிங்கம் மணந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “ஆஸ்பத்திரி எரிஞ்ச மாதிரி மணக்குது ஐசே!”

ஜெயரட்ணம் கிளாசை மூக்கடியில் பிடித்தார். இதற்காகவே வந்திருந்தார். இந்த முரட்டுப் புகைகூடத் தெரியாவிட்டால் திங்கட்கிழமையோடு வேலையை விடுவதென்று தனக்குள் சத்தியம் பண்ணியிருந்தார். இழுத்தார். மறுபடியும் இழுத்தார். குடித்தார். நாக்கில் கொஞ்சம் இனிப்பு, தொண்டையில் இதமான சூடு, வழுக்கிக்கொண்டு இறங்கியது. புகை மட்டும் இல்லை.

[அவருடைய கண்கள் கலங்கி, தூரத்தில்…] வேண்டாம். பயந்தார், அவ்வளவுதான்.

“எப்பிடி அண்ணை?”

“நல்ல ஸ்மூத்.”

“பாத்தியளே! இவருக்குத்தான் ருசி தெரியும்” என்று ஸ்ரீஸ்கந்தராசா துள்ளினார்.

4

எங்கள் ஆட்களின் விருந்துகளில் ஒரு வழக்கம் உண்டு. டொக்டர் வந்தால் சாப்பாட்டுக்கு முன் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும். பேர்னஸ்காரர் வந்தால் பேஸ்மெண்டுக்குக் கூட்டிப்போவார்கள்.

“அண்ணை, கீழை ரெண்டு நாளா ஒரு மாதிரி மணக்குது எண்டு மனிசி சொல்லுறா. ஒருக்கா மணந்து பாருங்கோவன்” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“மீற்றர் என்ர வேலை வானுக்குள்ளை இருக்கு. வான் வீட்டிலை நிக்குது.” குடிக்க வருவதால் யோகராணியின் காரில் வந்திருந்தார்.

“உங்கட மூக்கு இருக்கேக்கை மீற்றர் என்னத்துக்கு?”

இறங்கினார். பேர்னஸ் அறை வாசலில் நின்றார். மேலே பெண்களின் சிரிப்புக்குள் யோகராணியின் குரல் கேட்டது. பின்னால் ஸ்ரீஸ்கந்தராசா காத்துக்கொண்டு நின்றார்.

5

முடிவு அ: “எனக்கு மணம் தெரியாது. எல்லாரும் வெளியிலை போங்கோ, காஸ் கொம்பனிக்கு ஃபோன் அடியுங்கோ.” பெப்ரவரிக் குளிரில் எல்லோரும் சப்பாத்தில்லாமல் நிற்கிறார்கள். யோகராணி அவரைத் திரும்பிப் பார்த்த… (எனக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் எத்தனை தடவை எழுதினாலும் மனுசன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்.)

முடிவு ஆ: வீடு வெடிக்கிறது. இல்லை. அது என் சோம்பல்.

முடிவு இ: “ஒண்டுமில்லை. புதுப் பெயின்ற் மணம்” என்கிறார். உண்மையிலேயே பெயின்ற்தான். எல்லோரும் மேலே போய்ச் சாப்பிடுகிறார்கள்.

என்னை அலைக்கழிப்பது இந்த முடிவுதான். ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே சத்தியத்தை மறந்து, அவர் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறார்.

6

திங்கள், காலை எட்டு மணி. உங்கள் வீடு. பிள்ளைகள் மேலே பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிறார்கள். ஜெயரட்ணம் மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பேஸ்மெண்டுக்கு இறங்குகிறார். மீற்றரின் விசையை அமத்துகிறார். அது உயிர் பெறச் சுணங்குகிறது; திரை இன்னும் இருட்டு.

“பயப்பிடாதேங்கோ, ஒரு மணமும் இல்லை” என்கிறார்.

அவருடைய மூக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர், உங்களைவிட மூத்தவர், முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். மீற்றர் என்ன சொல்கிறது என்று கேட்க உங்களுக்கு வாய் வருமா?