விளக்கு வளையம்

மேலப்பாளையத்தில் ஸமீஹாவும் அவள் கணவன் ரசீதும் நடத்திய குரோம் பூச்சுப் பட்டறைக்கு எட்வின் அந்த முறை சாக்குப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான்.

எட்வின் தூத்துக்குடிக்காரன். பழைய கார்களை மீட்டெடுக்கிற மெக்கானிக். விக்கிரமசிங்கபுரத்தில் ஆவுடைநாயகம் என்கிற பெரியவரின் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைத்தான் இப்போது பிரித்துப் போட்டிருந்தான். போன மாசம் பம்பரைக் கொண்டுவந்தபோது ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினான். துருவை உரித்து, சாணை பிடித்து, செம்பும் நிக்கலும் ஏற்றி, மேலே குரோம் பூசிக் கொடுத்ததும் அதில் முகம் பார்த்துத் தலை சீவினான்.

இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. பையிலிருந்து மூன்று வளையங்களை எடுத்தான். முன்விளக்கைச் சுற்றி வருகிறவை. ஒன்று பழசு, பூச்சு மங்கி, அங்கங்கே புள்ளி விழுந்திருந்தது. மற்ற இரண்டும் புதிதாகத் தகட்டில் அடித்தவை.

"அக்கா, புதுசு ரெண்டும் இந்தப் பழசு மாதிரி ஆகணும். பளபளப்பு வேண்டாம். இதே மங்கல், இதே புள்ளி."

"பழச புதுசாக்கத்தான எல்லாரும் வருவாக?"

"ஸ்பேருக்குக்கா." அவன் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பழச யார்ட்டயும் காட்டாதீக."

அவன் போன பிறகு ஸமீஹா பழைய வளையத்தைக் கையில் எடுத்தாள். நல்ல கனம். உள்விளிம்பில் பூச்சு தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. புது வளையம் இரும்புத் தகடு. பப்படம் மாதிரி லேசாக இருந்தது.

"அந்தப் பெரியவர் காருலருந்து அசலக் கழத்திட்டு இத மாட்டப் போறான்" என்றாள் ரசீதிடம். "அசல வெளிய விப்பான்."

"நீ கண்டியா?"

"காணல. ஆனா நல்ல சாமானுக்கு எதுக்கு ஒளிவு?"

"நமக்கெதுக்கு புள்ள? பூசிக் குடுத்துட்டுப் பேசாம இரி."

அவளால் இருக்க முடியவில்லை. நாளைக்குத் திருட்டு வெளியே வந்தால், பூசியது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். மறுநாள் பழைய வளையத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, விக்கிரமசிங்கபுரம் போக பாபநாசம் பஸ் ஏறினாள். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும், எட்வின் எதிரே வந்துவிடுவானோ என்று ஒவ்வொரு பைக்கையும் பார்த்தபடி போனாள்.

பெரியவர் வீட்டின் பக்கத்திலேயே தகரக் கொட்டகை. கார் சிவப்பாக நின்றது. முன்னால் புது பம்பர் மின்ன, விளக்கு இரண்டும் வளையமில்லாமல் முழித்தன. எட்வின் இல்லை. ஆவுடைநாயகம் மட்டும் நாற்காலியில் இருந்தார். ஒரு காலத்தில் லாரி செட் நடத்தியவர். குரலில் அந்த அதட்டல் இன்னும் இருந்தது.

அவள் துணியைப் பிரித்து நடந்ததைச் சொன்னாள். அவர் வளையத்தைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார்.

"ஒன்ன யாரு அனுப்புனா? எம்மவனா?"

"ஒங்க மவன எனக்குத் தெரியாது ஐயா."

"சிவகணேசு. சென்னைல இருக்கான். வேலை பாதில நிக்கையில ஒருத்தனக் கூட்டியாந்து கார வித்துட்டான். ஆர்.சி. புக்கு அவன் பேர்ல இருக்கு, அதான் தைரியம். வாங்குனவன் போட்டோ எடுத்துட்டு, மிச்சத்துல கை வைக்காதீக, பழசாவே இருக்கட்டும்னுட்டுப் போனான்."

"அப்ப எட்வின்..."

"நாந்தான் சொன்னேன். மவன் என்னக் கேக்காம வித்தான். நான் அவனக் கேக்காம அசலக் கழத்தி வச்சுக்கிடுதேன்."

ஒருவனைச் சந்தேகப்பட்டு வந்தால், இங்கே அப்பனும் மகனும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வேலை பார்க்கிறார்கள்.

"வாங்குறவரு அசல்னு நம்பித்தான வாங்குதாரு?"

"அவனுக்கென்ன தெரியப் போவுது? நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்." நிறுத்தி, மறுபடி கேட்டார். "நெசமாவே அவன் அனுப்பலையே?"

வளையத்தை அவர் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

புது வளையங்கள் இரண்டுக்கும் அவள் முறைப்படி முழுப் பூச்சுக் கொடுத்தாள். எட்வின் வந்து பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னக்கா இது? கண்ணாடி மாதிரி இருக்கு. நாளக் கழிச்சு கார வாங்குன ஆளு வாறான்."

"எனக்கு இப்படித்தான் பூசத் தெரியும் தம்பி."

"அங்கன போயி என்னத் திருடன்னு சொன்னீகளாமே."

"சொன்னேன். அப்படித்தான் நெனச்சேன். இப்பயும் பாதி அப்படித்தான் நெனைக்கேன்."

எட்வின் வளையங்களைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. சிவகணேஷ்.

"எட்வின்ட்ட நம்பர் வாங்குனேன். எங்க அப்பா ஒங்கள்ட்ட எதையும் மாத்தச் சொன்னாங்களா?"

மகனுக்கும் வாடை அடித்துவிட்டது. "எங்கிட்டருந்து மங்கலா எதுவும் போகல. கார்ல மாட்டியிருக்கது மங்கலா இருந்தா அது அசல்தான்" என்று மட்டும் சொன்னாள் ஸமீஹா. அவன் நம்பினானா என்பது அவன் மூச்சிலிருந்து தெரியவில்லை.

எட்வின் அடுத்த மாதம்தான் வந்தான். அவளிடம் பேசாமல் ரசீதிடமே பேசினான். வாங்கியவன் டார்ச்சும் கையுமாக வந்து, ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்த்தானாம். விளக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வளையத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டினானாம்.

"அக்கா பூசுனது கண்ணாடி மாதிரி இருந்துச்சே அண்ணே. முந்தின நாளுதான் அசல மாட்டுனேன். வேற வழியில்ல."

"பெரியவரு?"

"கார லாரில ஏத்தும்போது கதவச் சாத்திக்கிட்டாரு. மவன் கூப்பிட்டாரு, தெறக்கல. எங்கிட்டயும் பேச்சில்ல. நாந்தான் மவன்கிட்டச் சொல்லிட்டேன்னு நெனைக்காரு."

"சொன்னியா?" என்று கேட்டாள் ஸமீஹா.

எட்வின் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். "நீங்க சொன்னீகளோன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

பிறகு அவன் சாக்குப்பையிலிருந்து வேறொரு வண்டியின் கதவுக் கைப்பிடியை எடுத்து மேஜையில் வைத்தான்.

"யாரு வண்டி?" என்றாள் ஸமீஹா. அவன் வண்டிக்காரர் பேரைச் சொன்னான். அவள் போனை எடுத்து, "அவுக நம்பரச் சொல்லு" என்றாள்.