கொக்கனி இல்லாத ஏரியில் ஒரு படகு

1

இந்தக் கதையை நான் கண்டெடுத்தது ரொறன்ரோவில், ஃபிஞ்ச் வீதிப் பேருந்தில். முன் இருக்கையில் இரண்டு தமிழர் இருந்தார்கள். இளையவர் சொன்னார்: "கொக்கனிக்கு வாய் கடதாசி மாதிரி அண்ணை. இறுக்கி இழுத்தால் கிழிஞ்சு போயிடும்."

மற்றவர் கேட்டார்: "அப்ப எப்பிடி ஏத்துறது?"

அந்த நேரம் பார்த்து என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். பதிலுக்காக ஒரு நிறுத்தம் கூடப் போயிருக்கலாம். ஆனால் மணியை அடித்தவள் நான். அடித்துவிட்டு இறங்காமல் இருந்தால் சாரதி கண்ணாடியில் பார்ப்பார். பார்த்தால்—

(அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.)

நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். கொக்கனி என்பது கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் ஒரு சின்னச் சால்மன். வெள்ளி நிறம். அதைப் பிடிக்கிறவர்கள் படகை நடை வேகத்தில் ஓடவிட்டு, தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டே போவார்களாம். படகு நின்றால் மீன் இல்லை. விரைந்தாலும் இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டு நூலகத்தில் தனியே சிரித்தேன். நிற்கவும் முடியாத, விரையவும் முடியாத, கோபித்துக்கொண்டு இறங்கிப் போகவும் முடியாத ஒரு படகு. அதற்குள் வைத்துப் பொம்பிளை பார்த்தால் என்ன?

2

முதல் தொடக்கம்: "ஒன்ராறியோ ஏரியின் மேல் சூரியன் ஒரு—"

வேண்டாம். சூரியன் சூரியனாகவே இருக்கட்டும்.

அடுத்தது: "யூஜினி இதுவரை யாரையும் மறுத்துப் பேசியதில்லை." உண்மைதான். ஆனால் வைத்தியரிடம் நோய் சொல்வதுபோல இருக்கிறது.

அதற்கடுத்தது: "'சோளத்தை ஆர் தாளிச்சது?' என்று பஸ்ரியன் கேட்டான்."

இதை எழுதியதும் கதிரையிலிருந்து எழும்பி அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன். இதுதான் தொடக்கம்! ஆனால் இதற்கு முன் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆகையால் இந்த வசனத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். ஆறிப்போகாது.

3

யூஜினி நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில், ஒரு புது வீட்டில் அம்மாவுடனும் சித்தப்பா மரியரட்ணத்துடனும் இருந்தாள். உயிரியல் படித்தவள். ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீரில் கிருமி எண்ணும் வேலை. கிருமிகள் திருப்பிக் கதைப்பதில்லை என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

மரியரட்ணம் காப்புறுதி விற்பவர். பழைய படகு ஒன்று வாங்கி விட்பித் துறைமுகத்தில் கட்டியிருந்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவர் சொன்னார்:

"பிள்ளை, மத்தியானம் மீன் பிடிக்கப் போவம். சும்மாதான். பஸ்ரியன் எண்டொரு பெடியனும் வருவார். அவரும் சும்மாதான்."

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். நேரே வீட்டுக்கு வந்து பார்த்தால், சரிவராவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கம். ஆகவே யாருடையதோ பிறந்தநாளில், கோயில் வாசலில், கடைத்தெருவில், எல்லாரும் "சும்மா" சந்தித்துக்கொள்வார்கள். இந்தச் சும்மாவுக்காக அம்மா யூஜினிக்குப் புது உடுப்புத் தைப்பித்திருந்தாள்.

"கரைக்கு வந்த உடனை எனக்குச் சொல்லிப்போடு," என்றாள் அம்மா. "ஓமோ இல்லையோ. பின்னேரம் அவையின்ரை வீட்டிலையிருந்து ஃபோன் வரும். நான் முழுசிக்கொண்டு நிக்கேலாது."

ஒரு படகோட்டம். அது முடியும்போது ஒரு சொல். அந்தச் சொல்லோடு வாழ்நாள் முழுதும்.

யூஜினி அவனுடைய படிப்பையோ சம்பளத்தையோ விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினாள். "நீங்கள் சொல்வது பிழை" என்றால் இந்த மனிதன் என்ன செய்வான்?

அதற்குக் காரணம் சித்தப்பா. ஒரு முறை நெடுஞ்சாலையில் பிழையான பக்கம் திரும்பிவிட்டு, பிழை என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல், "கிங்ஸ்ரனும் பாக்க வேணுமெண்டு கன நாளா யோசிச்சனான்" என்று இரண்டரை மணி நேரத் தூரத்திலுள்ள கிங்ஸ்ரன்வரை ஓட்டியவர் அவர். பின்னிருக்கையில் ஒரு கல்யாண வீட்டுக்கான பலகாரம் முழுவதும் இருந்தது.

4

இங்கே ஒரு சிக்கல். மூன்று தரம் எழுதிய பிறகுதான் கண்டுபிடித்தேன். ஒன்ராறியோ ஏரியில் கொக்கனி இல்லை.

ஒரு காலத்தில் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்களாம். நிலைக்கவில்லை. இருப்பது வேறு சால்மன்கள்.

மீனை மாற்றலாம். ஆனால் இங்கேயுள்ள பெரிய சால்மன் ஒன்று மாட்டினால் அது பொம்பிளை பார்க்கிற கதையாக இராது, போர்க் கதையாகிவிடும். ஏரியை மாற்றலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேண்டிய அளவு கொக்கனி. ஆனால் "சும்மா" என்று சொல்லிக்கொண்டு விமானத்தில் போக முடியாது.

இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன். பிறகு பால்கனியில் உடுப்புக் காயப்போடும்போது ஒன்று தோன்றியது. இந்தப் பிழையை நான் ஏன் வைத்திருக்க வேண்டும்? பஸ்ரியனிடம் கொடுத்துவிடலாமே!

கொடுத்துவிட்டேன். அவன் கனடா வந்த புதிதில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரம் அறுக்கும் ஆலையில் இருந்தவன். அங்கே கொக்கனி பிடிக்கப் பழகினான். ரொறன்ரோவுக்கு வந்தபோது அந்தத் தூண்டில்களையும் கொண்டுவந்தான். ஏரி என்றால் கொக்கனி இருக்கும் என்று நம்பினான். "பொம்பிளைக்குக் கொக்கனி பிடிச்சுக் காட்டுறன்" என்று மரியரட்ணத்துக்கு வாக்கும் கொடுத்துவிட்டான்.

யூஜினிக்கோ அங்கே கொக்கனி இல்லையென்று தெரியும். அவள் தேடிய பிழை அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. இனி அவள் வாயைத் திறக்க வேண்டும். அதுதான் பாடு.

(கொக்கனிக்காரர் பாவிக்கும் தூண்டில் ஒன்றுக்குக் கல்யாண மோதிரம் என்றே பெயர். நான் வைத்த பெயர் அல்ல. இந்தக் கதையில் அதை நான் தொடப்போவதில்லை. யாரும் நம்பமாட்டீர்கள்.)

5

பஸ்ரியனைப் பற்றி எனக்கு ஐயம் இருந்தது. முதலில் எழுதியவன் அளவுக்கு மீறி நல்லவன். அவனோடு பத்து நிமிடம் படகில் இருந்தால் ஏரிக்குள் குதித்துவிடலாம் போல இருந்தது. அடுத்தவனுக்கு மீசை மட்டும்தான் இருந்தது. இப்போதிருப்பவன் பூசைக்குப் போட்ட கறுப்புச் சப்பாத்தோடு படகில் ஏறினான். மொன்றியலிலிருந்து அவனுடைய தாய் அப்படித்தான் போடச் சொல்லியிருந்தார். படகுக்குள் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்து முனகியது. அவன் அது வேறு யாருடையதோ சப்பாத்து என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

யூஜினிக்கு அப்போதே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

துறைமுகத்தைத் தாண்டியதும் மரியரட்ணம் வேகத்தைக் குறைத்தார். பின்பக்கம் இரண்டு தூண்டில் தடிகள். தங்கூசி நூலில் ஒரு மினுக்குத் தகடு, அதன் பின்னால் கொளுக்கி. கொளுக்கியில் குத்துவதற்கு வெள்ளைச் சோளம். கொக்கனி சோளம் தின்னும். வெள்ளுள்ளி மணம் இருந்தால் இன்னும் விருப்பமாம்.* ஆகவே பஸ்ரியன் முதல் நாளே சோளத்தை உள்ளியில் ஊறவைத்து, ஒரு டப்பாவில் போட்டு, "குளிர்பெட்டியில் வையுங்கோ" என்று மரியரட்ணத்திடம் கொடுத்திருந்தான்.

குளிர்பெட்டி அம்மாவுடையது. காலையில் அதைத் திறந்த அம்மா உள்ளி மணக்கும் பச்சைச் சோளத்தைக் கண்டாள். பாதியில் விட்ட சமையலைக் கண்டால் அம்மாவால் பொறுக்க முடியாது.

இனித் தள்ளி வைத்த வசனத்தை எடுக்கலாம்.

"சோளத்தை ஆர் தாளிச்சது?" என்று பஸ்ரியன் கேட்டான்.

டப்பாவுக்குள் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. நல்ல பொன்னிறம்.

"ஏன் தம்பி, என்ன குறை?" என்றார் மரியரட்ணம்.

"அது இரை, அங்கிள்."

"இரையோ!" அவர் சுக்கானை விட்டுவிட்டுத் திரும்பினார். "காலமை நானும் ரெண்டு கரண்டி சாப்பிட்டனான். உப்புத்தான் கொஞ்சம் காணாது."

யூஜினி முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். தோள் மட்டும் குலுங்கியது. பஸ்ரியன் ஒரு மணியை எடுத்து, ஊதி, கறிவேப்பிலையைத் தட்டிவிட்டு, வாயில் போட்டான்.

"ஓம். உப்புக் காணாது," என்றான்.

அதோடு அவளால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சப்பாத்தும் முனகியது. வேறு இரை இல்லாததால் தாளித்த சோளத்தையே கொளுக்கியில் குத்தி இறக்கினார்கள்.

* இதற்கு எந்த ஆய்விலும் நான் சான்று காணவில்லை. மீன்பிடிப்பவர்கள் சொல்கிறார்கள். அம்மாவும் உள்ளியைப் பற்றி நிறையச் சொல்வாள்.

6

படகு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பிக்கறிங் அணுமின் நிலையம் ஒரு பக்கம் நகராமல் நின்றது. யூஜினி மூன்று தரம் வாயைத் திறந்தாள். மூன்று தரமும்—

(இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். ஏரியைப் பார்த்து அவள் நிறைய யோசித்தாள். நான்கூட வாசிக்கவில்லை.)

திடீரென்று வலப்பக்கத்துத் தடி குனிந்தது.

"மாட்டீட்டுது!" மரியரட்ணம் துள்ளியதில் படகு ஆடியது. "கொக்கனி! நான் சொன்னனான் எல்லே!"

பஸ்ரியன் தடியைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து, எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் கேட்காது என்ற துணிவில் யூஜினி சொன்னாள்:

"இந்த ஏரியிலை கொக்கனி இல்லை."

கேட்டுவிட்டது.

இதற்குப் பஸ்ரியன் சொன்ன பதிலை நான் பலவிதமாக எழுதினேன். ஒன்றில் அவன் சிரித்து, "பொம்பிளையளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?" என்றான். இன்னொன்றில் ஒன்றும் சொல்லவில்லை. கரைக்கு வரும்வரை ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டும் ஐந்து நிமிடத்தில் எழுதி முடிந்தன. பேனா தானாக ஓடியது. கண்டு கேட்ட விஷயம் என்றால் அப்படித்தான் ஓடும்.

கீழே இருப்பதை எழுத ஒரு வாரம் பிடித்தது. எனக்கு வேண்டும் என்பதற்காக எழுதுகிறேனோ என்ற பயம். பரிசோதனை செய்பவர் தன் விருப்பத்தைக் குழாய்க்குள் ஊற்றக்கூடாது. ஆகவே அவனைக் கொஞ்சம் முரண்டுபிடிக்கவும் விட்டிருக்கிறேன்.

பஸ்ரியனின் காது சிவந்தது.

"தூண்டில் கடைக்காரனிட்டைக் கேட்டனான். அவன் தலையாட்டினவன்," என்றான்.

"அவன் எல்லாத்துக்கும் தலையாட்டியிருப்பான்."

"உனக்கென்ன விசரோ பிள்ளை?" மரியரட்ணம் பதறினார். "மீன் மாட்டிக் கிடக்கு, நீ இல்லையெண்டுறாய்!"

"பொறுங்கோ அங்கிள்." பஸ்ரியன் தடியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அப்ப இதென்ன?"

"தெரியாது. ஏத்தினால்தான் தெரியும்."

"அப்ப நீங்கள் ஏத்துங்கோ." தடியை அவளிடம் நீட்டினான். "மெல்ல. கொக்கனியெண்டால் வாய் கடதாசி. அது ஓடினால் விடுங்கோ. நிண்டால் சுத்துங்கோ."

அவள் சுற்றினாள். விட்டாள். சுற்றினாள். கத்த வேண்டும் போல இருந்தது, கொஞ்சம் கத்தியும்விட்டாள். பஸ்ரியன் குனிந்து அத்தாங்கு வலையை நீட்ட, உள்ளே ஒரு வெள்ளி துள்ளியது. இருவரும் முழங்காலில் இருந்து பார்த்தார்கள்.

"முதுகிலை கறுப்புப் புள்ளி," என்றாள். "வாலின்ரை மேல் பக்கத்திலையும். கொக்கனிக்கு இப்பிடி இராது. இது கோஹோ. குட்டி."

அவன் ஈர விரலால் மீனின் முதுகைத் தொட்டுப் பார்த்தான். அவசரப்படவில்லை.

"ஓம். புள்ளி கிடக்கு," என்றான். "நான் சொன்னது பிழை."

மரியரட்ணம் வாழ்நாளில் கேளாத வசனம் அது. ஒரு பழுதும் இல்லாத இயந்திரத்தை அவர் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.

மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். அது போன பக்கத்தைப் பார்த்துப் பஸ்ரியன், "கடுகும் கொண்டெல்லே போகுது," என்றான்.

7

இனிக் கரை. முடிவுக்கு வந்தாக வேண்டும்.

முடிவு ஒன்று: படகு கரை அணைந்தது. யூஜினி அம்மாவின் காதில் "ஓம்" என்றாள். அம்மா அழுதாள். மண்டபத்துக்கு—

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா அழுத இடத்தில் நானும் அழுதுவிட்டேன். அதனால் நம்பவில்லை.

முடிவு இரண்டு: "இல்லை" என்றாள். ஏனென்றால்—

ஏனென்றால் என்று எழுதிவிட்டு ஒரு தேநீர் குடித்து முடித்தேன். காரணம் வரவில்லை.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். மரமேடையின் நுனியில் அம்மா நின்றாள். ஏரிக்குள் விழுந்துவிடுவாள் போல நுனியில். படகு இன்னும் கட்டப்படவில்லை. அதற்குள் புருவத்தை உயர்த்தி, தலையை ஆட்டி, இரண்டு கைகளையும் விரித்து, "என்ன?" என்று கேட்டாள். மரியரட்ணமும் திரும்பி யூஜினியின் வாயைப் பார்த்தார். பஸ்ரியன் பார்க்காததுபோலத் தங்கூசியைச் சுற்றினான். சிக்குப்பட்டது. சுற்றினான். நானும் பேனாவை வைத்துக்கொண்டு அவள் வாயைத்தான் பார்த்தேன். இதோ, நீங்களும்.

ஐந்து பேர், ஒரு வாய்.

யூஜினி எல்லாரையும் பார்த்தாள். ஒரு தண்ணீர் மாதிரியை ஒரே தரம் எண்ணிவிட்டு முடிவு எழுத அவளுடைய ஆய்வுகூடத்தில்கூட விடமாட்டார்கள். ஒருவன் ஒரு தரம் "பிழை" என்று சொன்னான். நல்லது. மிகவும் நல்லது. அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது; அது பயம் இல்லை என்பதும் தெரிந்தது. ஆனாலும்.

"சித்தப்பா," என்றாள். ஏரி முழுவதற்கும் கேட்டது. "திருப்புங்கோ."

"என்ன பிள்ளை, கொம்மா நிக்கிறா—"

"படகைத் திருப்புங்கோ. இன்னுமொரு சுத்து." பிறகு பஸ்ரியனிடம், குரலை இறக்கி, "உங்களுக்கு நேரமிருக்கோ?"

"எனக்கோ?" என்றான் அவன். சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.

படகு திரும்பியது. நான் தடுக்கவில்லை. எழுதுகிறவள் நினைத்திருந்தால் கயிறு ஒன்றை எறிந்து கட்டிவிட்டிருக்கலாம். கயிறு என் கையில்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்டது ஒரு சுற்று. அதைக்கூடக் கொடுக்க முடியாவிட்டால் எனக்கு எதற்குக் கதை?

வாசகரே, நீங்கள் இப்போது அம்மாவுடன் மேடையில் நிற்கிறீர்கள். படகு போகிறது, நடை வேகத்தில். அதற்குள் யாரோ சிரிக்கிறார்கள். யார் என்று இங்கிருந்து தெரியவில்லை. அம்மா உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"என்னவாம்?" என்று கேட்கிறாள். "அவள் என்ன சொன்னவள்?"

சொல்லுங்கள்.