வெறும் உப்புத்தண்ணீர்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பிக்குள் ஹரிஷ் சார் கண்ணாடி இழையை விட்டதும், திரையில் இருந்த கோடு இடப்பக்கம் சரிந்தது.

"பாத்தீங்களா டாக்டர்? டெங்கு புரதம் ஒட்டிக்கிச்சு. ஒரே நிமிஷம்!"

டாக்டர் வீணா தலையாட்டினால் போதும். திங்கட்கிழமை நீலசந்திராவில் அவர்கள் மருத்துவமனை நடத்தும் காய்ச்சல் முகாமுக்கு எங்கள் கருவி போய்விடும்.

தலைமயிர் கனத்தில் ஓர் இழை. அதற்குள் ஒளி ஓடும். மேலே தடவிய பூச்சில் டெங்குப் புரதம் வந்து ஒட்டினால் ஒளி கொஞ்சம் மாறும், கோடு நகரும். பூச்சு தடவுகிறவள் நான்தான், லேப் டெக்னீஷியன் குளோரியா. ஆறு மாதம் தடவியதில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: குளிர்ந்தாலும் கோடு நகரும். முந்தாநாள் புரதமே இல்லாத உப்புத்தண்ணீரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அதில் இழையை விட்டேன். இதே சரிவு. சாரிடம் சொன்னபோது, "டெமோ முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எங்கள் கடைத்தெருவில் 'அப்புறம்' என்றால் 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்வது.

அப்பா சிவாஜிநகரில் கருவாடு விற்றவர். வாங்க வரும் பெண்கள் மீனைத் தொடுவதற்கு முன்பே, "பைலே காலி தராசு திகாவ்" என்பார்கள் உருதுவில், முதலில் காலித் தராசைக் காட்டு என்று. அப்பா முணுமுணுத்துக்கொண்டே வெறும் தராசைத் தூக்கிக் காட்டுவார். காட்டாத கடையில் ஒருத்தியும் நிற்கமாட்டாள். இங்கே இவ்வளவு படித்த டாக்டர் அதைக் கேட்காமலே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேடம், காலித் தராசு பாக்காம வாங்குறீங்களே."

"அப்டின்னா?"

"குளோரியா, போதும். போய் டீ எடுத்துட்டு வா," என்றார் சார்.

"டீ எங்கயும் ஓடாது சார்."

இழையைக் கழுவினேன். கோடு பழைய இடத்துக்கு வந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து உப்புத்தண்ணீர்க் குப்பியை எடுத்து அதில் விட்டேன். கோடு இடப்பக்கம் சரிந்தது, அதே அளவு.

"இதுல புரதம் ஒரு சொட்டு இல்ல மேடம். உப்புத்தண்ணிக்கும் டெங்குன்னுது. திங்கக்கெழம அங்க நிக்கப்போறவங்க மனுசங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ மிஷினே பொய்யா?"

"தெரியல. ரெண்டு குப்பியும் குளிர் போயி ஒரே சூட்டுக்கு வந்தப்பறம் விட்டுப் பாத்தாத்தான் தெரியும். என் பூச்சு நல்ல பூச்சுதான். ஆனா நானே அதுக்கு சர்டிபிகேட் குடுக்க முடியுமா?"

சாரின் காது சிவந்திருந்தது. மூன்று வருட உழைப்பு அவருடையது. அவரைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். அவசரக்காரர். அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"ஐடி கார்டக் கழட்டு. வேலைக்கு இனிமே வராத."

"கை காலியா இல்ல சார்," என்றேன். இரண்டு குப்பிகளையும் சேர்த்து உள்ளங்கைகளுக்குள் பொத்தியிருந்தேன்.

டாக்டர் வீணா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். சாரின் கை நீட்டியபடியே இருந்தது. குளிரில் என் விரல்கள் மரத்துப்போயின. குப்பிகளின் மேல் வேர்த்த தண்ணீர் விரலிடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. நான் பிடியை விடவில்லை.